அரசு ஆவணக் காப்பகத்தில் கோப்பைத் தேடித் தருவது யார்? ரெஃபரன்ஸ் ஆர்க்கிவிஸ்ட் வேலை: ஒரு விளக்கம்

1962 சீனப் போர், 1965 மற்றும் 1971 பாகிஸ்தான் போர்கள், பசுமைப் புரட்சி. பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் நாம எல்லாரும் படித்தவை. இவை குறித்த ஆவணங்கள் எங்களிடம் இல்லை என்று 2022 டிசம்பரில் வெளிப்படையாகச் சொன்னார் இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் அப்போதைய தலைமை இயக்குநர் சந்தன் சின்ஹா. மத்திய அரசில் 151 அமைச்சகங்களும் துறைகளும் இருக்கின்றன. அவற்றில் 36-இன் ஆவணங்கள்தான் காப்பகத்துக்கு வந்திருக்கின்றன. மற்ற அரசு அமைப்புகளையும் சேர்த்தால் 64. அவர் அன்று தந்த கணக்கு இது.

இந்த எண்கள் செய்தியாகி மறந்தும் போயின. ஆனால் தினமும் இதை நேருக்கு நேர் சந்திக்கும் ஒருவர் இருக்கிறார். ஆய்வு அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "சார், இந்தக் கோப்பு வேணும்" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்பவர். ரெஃபரன்ஸ் ஆர்க்கிவிஸ்ட் என்று அந்த வேலைக்குப் பெயர். அவர் என்ன செய்கிறார்? ஆன்லைன் தேடல் வந்த பிறகும் அவர் ஏன் தேவை? அவராலும் முடியாதது எது?

லைப்ரரியன் மாதிரியா?

பார்க்க அப்படித்தான் இருக்கும். உள்ளே வேலை வேறு.

நூலகத்தில் புத்தகங்கள் பொருள் வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். விவசாயம் என்றால் ஓர் அலமாரி, போர் என்றால் இன்னோர் அலமாரி. ஆவணக் காப்பகத்தில் அப்படி இல்லை. எந்த அலுவலகம் ஒரு கோப்பை உருவாக்கியதோ, அந்த அலுவலகத்தின் பெயரில், அந்த அலுவலகம் வைத்திருந்த அதே வரிசையில்தான் கோப்பு இருக்கும். உலகம் முழுக்க ஆவணக் காப்பகங்கள் கடைப்பிடிக்கும் அடிப்படை விதி இது.

காரணம் உண்டு. ஒரு கடிதம் யாரிடமிருந்து வந்தது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, பிறகு யார் அதன் மேல் என்ன எழுதினார் என்பதெல்லாம் சேர்ந்தால்தான் அது சாட்சி. தனியாக உருவி எடுத்தால் வெறும் காகிதம்.

சிக்கல் என்னவென்றால், கேள்வியோடு வருபவர் பொருள் வாரியாகத்தான் கேட்பார். "பஞ்சம் பற்றி ஏதாவது இருக்கா?" கோப்புகளோ துறை வாரியாக உட்கார்ந்திருக்கின்றன. எந்த ஆண்டில் எந்த விவகாரத்தை எந்தத் துறை கவனித்தது என்று தெரிந்தால்தான் கேள்வியைக் கோப்பாக மாற்ற முடியும். அந்த மாற்றத்தைச் செய்பவர்தான் ரெஃபரன்ஸ் ஆர்க்கிவிஸ்ட்.

எவ்வளவு பெரிய கிடங்கு அது?

தேசிய ஆவணக் காப்பகம் 1891 மார்ச் 11 அன்று கல்கத்தாவில் 'இம்பீரியல் ரெக்கார்ட் டிபார்ட்மென்ட்' என்ற பெயரில் தொடங்கியது. தலைநகர் டெல்லிக்கு மாறிய பிறகு, எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்த கட்டடம் 1926-இல் தயாரானது. கல்கத்தாவிலிருந்து ஆவணங்கள் முழுமையாக வந்து சேர 1937 ஆகிவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகுதான் இன்றைய பெயர். இப்போது மத்திய கலாசார அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. போபாலில் மண்டல அலுவலகமும், ஜெய்ப்பூர், புவனேஸ்வர், புதுச்சேரியில் ஆவண மையங்களும் உள்ளன.

அரசு சொல்லும் கணக்குப்படி இங்கே இருப்பவை சுமார் 34 கோடிப் பக்கங்கள். ஆங்கிலக் கோப்புகள் மட்டுமின்றி பாரசீகம், அரபு, சமஸ்கிருதம், உருது, இந்தி ஆவணங்களும் உண்டு. வரைபடங்கள், தாதாபாய் நௌரோஜி போன்றவர்களின் தனிப்பட்ட கடிதங்கள் என்று பட்டியல் நீளும்.

ஓர் உதாரணம்: நேட்டாலுக்குப் போன கொள்ளுத்தாத்தா

வேலை எப்படி நடக்கும் என்று புரிய ஒரு கற்பனைக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஒருவர் வந்து, "எங்க கொள்ளுத்தாத்தா சென்னையிலிருந்து கப்பல் ஏறி தென்னாப்பிரிக்கா போனாராம். அவரைப் பற்றி இங்கே ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்கிறார்.

ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் நேட்டாலுக்குப் போனது 1860 முதல் 1911 வரை. சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' என்ற முதல் கப்பல் டர்பனை அடைந்தது 1860 நவம்பர் 16 அன்று. மொத்தம் 1,52,184 பேர் போனதாகப் பதிவு இருக்கிறது. பெரும்பான்மையினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள்.

ஆர்க்கிவிஸ்ட் முதலில் திருப்பிக் கேட்பார்: எந்த வருஷம், தோராயமாகவாவது? இது சும்மா கேட்கும் கேள்வி இல்லை. குடிபெயர்வு என்ற ஒரே விவகாரம் துறை துறையாக மாறிக்கொண்டே இருந்தது. 1871-க்குப் பிறகு வருவாய், விவசாயம், வணிகத் துறை. 1881-இலிருந்து வருவாய் மற்றும் விவசாயத் துறை. 1905-இலிருந்து வணிகம் மற்றும் தொழில் துறை. 1923-இலிருந்து கல்வி, சுகாதாரம், நிலங்கள் துறை. வருஷம் தெரியாமல் தேடினால், தவறான துறையில் நாள் கணக்காகப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அடுத்தது கொஞ்சம் கசப்பான பதில். தனித்தனி ஆட்களின் பெயர்ப் பட்டியலைத் தேட டெல்லி சரியான இடம் கிடையாது. டெல்லியில் இருப்பது அதிகாரிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டவை: கூலி எவ்வளவு, கப்பலில் இறந்தவர்கள் எத்தனை பேர், தோட்ட முதலாளிகள் மேல் என்ன புகார். ஆளின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், அங்க அடையாளம், ஊர், தாலுகா எல்லாம் எழுதப்பட்ட கப்பல் பட்டியல்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மாகாண அரசு நடத்திய கடிதப் போக்குவரத்துக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும்.

"இங்கே இல்லை, அங்கே இருக்கு" என்ற இந்த ஒரு வரி, வந்தவரின் பல வாரங்களை மிச்சப்படுத்தும். நல்ல ஆர்க்கிவிஸ்ட்டுக்குத் தன் காப்பகத்தில் உள்ளது மட்டும் தெரிந்தால் போதாது. மற்ற காப்பகங்களில் என்ன இருக்கிறது என்றும் தெரிய வேண்டும்.

ஏ, பி, டெபாசிட், கே.டபிள்யூ.: இந்த எழுத்துகள் என்ன?

பிரிட்டிஷ் கால இந்திய அரசு தன் கோப்புகளை முக்கியத்துவப்படி தரம் பிரித்தது. முக்கியமானவை 'ஏ' வகை. அவை அச்சடிக்கப்பட்டு லண்டனுக்கும் அனுப்பப்பட்டன. அடுத்தது 'பி'. அதற்கும் கீழே 'டெபாசிட்'. கோப்போடு சேர்த்து வைக்க வேண்டிய உள் குறிப்புகளுக்கு 'கீப் வித்', சுருக்கமாகக் கே.டபிள்யூ.

அன்றைய அதிகாரிக்கு முக்கியமாகப் பட்டதும் இன்றைய வாசகருக்கு முக்கியமானதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒரு மனு நிராகரிக்கப்பட்டது என்ற முடிவு 'ஏ' கோப்பில் ஒரு வரியாக இருக்கும். ஏன் நிராகரித்தார்கள், யார் எதிர்த்தார், யார் தயங்கினார் என்பது கே.டபிள்யூ. குறிப்பில் இருக்கலாம். சாதாரண ஆட்களின் மனுக்கள் பல 'பி'யிலும் டெபாசிட்டிலும் கிடக்கும். அனுபவமுள்ள ஆர்க்கிவிஸ்ட், "டெபாசிட் பார்த்தீங்களா?" என்று கேட்பது இதனால்தான்.

ஆன்லைன்ல தேடினா கிடைக்காதா?

நிறையவே கிடைக்கும். 2015-இல் தொடங்கிய 'அபிலேக் படல்' இணையதளத்தில் காப்பகத்தின் பட்டியலைத் தேடலாம். ஸ்கேன் செய்யப்பட்ட கோப்புகளை வீட்டிலிருந்தே படிக்கலாம். டெல்லிக்கு ரயில் டிக்கெட் எடுக்க முடியாதவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் இங்கே தேடல் பெரும்பாலும் நடப்பது கோப்பின் தலைப்பிலும் விவரக் குறிப்பிலும். உள்ளே உள்ள ஒவ்வொரு பக்கத்தின் வரிகளிலும் அல்ல. அந்தத் தலைப்பை எழுதியவர் நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு குமாஸ்தா. அவர் எழுதியது அவர் காலத்து ஆங்கிலம், அவர் காலத்து எழுத்துக்கூட்டல்.

திருநெல்வேலி என்று தேடினால் கிடைக்காதது 'டின்னவேலி' என்று தேடினால் வரும். திருச்சி 'ட்ரிச்சினாபொலி', தஞ்சாவூர் 'டான்ஜோர்', தூத்துக்குடி 'டூட்டிகோரின்'. ஒப்பந்தத் தொழிலாளர் என்று நாம் சொல்வது அங்கே 'கூலி'. சுதந்திரப் போராட்டம் என்று நாம் சொல்வது அங்கே 'செடிஷன்'. ஆட்சியாளர் எந்தச் சொல்லால் நம்மைக் குறித்தாரோ அந்தச் சொல்லால்தான் நம் கதையைத் தேட வேண்டியிருக்கிறது. எந்தப் பத்தாண்டில் எந்தச் சொல் புழங்கியது என்று சொல்லித் தர, பட்டியலோடு பழகிய மனிதர் வேண்டும்.

இன்னொன்று. தேடலில் "முடிவுகள் இல்லை" என்று வந்தால் அதற்குக் குறைந்தது 4 அர்த்தங்கள் உண்டு. அப்படி ஒரு கோப்பே உருவாகவில்லை. உருவாகி அழிக்கப்பட்டுவிட்டது. அமைச்சகத்திலேயே கிடக்கிறது, காப்பகத்துக்கு வரவில்லை. காப்பகத்தில் இருக்கிறது, ஆனால் பட்டியலில் வேறு பெயரில் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு இந்த நான்கும் ஒன்றுதான். கேட்டவருக்கு நான்கும் வேறு வேறு.

'என்.டி.' என்றால் என்ன?

டெல்லி காப்பகத்தில் ஆய்வு செய்தவர்களிடம் கேட்டால் இந்த இரண்டு எழுத்தை உடனே சொல்வார்கள். வேண்டிய கோப்பின் துறை, பிரிவு, ஆண்டு, எண் எல்லாம் எழுதிச் சீட்டுக் கொடுப்பீர்கள். காத்திருப்பீர்கள். கோப்புக்குப் பதில் சீட்டு திரும்பி வரும். அதில் 'என்.டி.' என்று எழுதியிருக்கும். 'நாட் டிரான்ஸ்ஃபர்ட்'. அதாவது பட்டியலில் பெயர் இருக்கிறது, கோப்பு அமைச்சகத்திலிருந்து வரவில்லை.

சில சமயம் காகிதம் நொறுங்கும் நிலையில் இருப்பதால் தர முடியாது என்று பதில் வரும். சில சமயம் கோப்பு அதன் இடத்தில் இல்லை என்று வரும். இந்தப் பதில்களைச் சொல்ல வேண்டியவரும் ரெஃபரன்ஸ் ஆர்க்கிவிஸ்ட்தான். தவறு அவருடையது இல்லை, ஆனால் முகம் அவருடையது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்த வேலையின் எல்லையை வகுப்பது 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டமும் 1997-இல் வந்த விதிகளும். முக்கியமானவை இவை:

• ஒவ்வொரு மத்திய அரசு அமைப்பும் ஒரு ஆவண அதிகாரியை நியமிக்க வேண்டும்.

• 25 ஆண்டுகளைத் தாண்டிய ஆவணங்களைக் காப்பகத்துடன் கலந்து பரிசீலித்து, நிரந்தர மதிப்புள்ளவற்றைப் பிரிக்க வேண்டும்.

• 30 ஆண்டுகளைத் தாண்டி, காப்பகத்துக்கு மாற்றப்பட்ட, ரகசியம் அல்லாத ஆவணங்களை ஆய்வாளர்கள் பார்க்கலாம்.

• 1892-க்கு முந்தைய ஆவணங்களை அழிக்கக் கூடாது. எதற்கும் உதவாத அளவுக்குச் சிதைந்துவிட்டது என்று தலைமை இயக்குநர் கருதினால் மட்டும் விலக்கு.

• விதிகளை மீறி ஆவணத்தை அழித்தாலோ, அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே கொண்டு போனாலோ 5 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

• கம்ப்யூட்டரில் உருவான ஆவணமும் பொது ஆவணமே.

கவனித்தீர்களா? தண்டனை இருப்பது அழிப்பதற்கும் வெளியே கொண்டு போவதற்கும். அனுப்பாமல் அலமாரியிலேயே வைத்திருப்பதற்கு இந்தத் தண்டனைப் பிரிவு பொருந்தாது. 'என்.டி.' என்ற இரண்டு எழுத்தின் பின்னால் இருக்கும் இடைவெளி இதுதான். பாதுகாப்பு அமைச்சகத்தையே எடுத்துக்கொள்வோம். சுதந்திரத்திலிருந்து 2022 தொடக்கம் வரை அது அனுப்பியவை வெறும் 476 கோப்புகள். அந்த ஒரே ஆண்டில் 1960 வரையிலான சுமார் 20,000 கோப்புகள் வந்து சேர்ந்தன. இதையும் சின்ஹாதான் சொன்னார். சட்டம் மாறவில்லை. அனுப்ப வேண்டும் என்று முடிவெடுத்ததும் கோப்புகள் வந்தன.

போர் வரலாறுகள் பற்றி 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கொள்கையை அறிவித்தது. போர் ஆவணங்களை வழக்கமாக 25 ஆண்டுகளுக்குள் ரகசியப் பட்டியலிலிருந்து விடுவிக்க வேண்டும், 25 ஆண்டைத் தாண்டியவற்றை நிபுணர்கள் பரிசீலித்துக் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும் என்கிறது அது.

ஆர்.டி.ஐ. போட்டா போதாதா?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் ஒரு நல்ல அம்சம் உண்டு. 20 ஆண்டுகளைத் தாண்டிய நிகழ்வுகள் பற்றிய தகவலுக்குப் பெரும்பாலான விலக்குகள் செல்லாது. நாட்டின் பாதுகாப்பு, நாடாளுமன்ற உரிமை, அமைச்சரவைக் குறிப்புகள் ஆகிய மூன்றுக்கு மட்டும் விலக்கு தொடரும்.

ஆனால் ஆர்.டி.ஐ. இருக்கும் கோப்பைத்தான் கேட்க முடியும். கோப்பு எங்கே என்று அமைச்சகத்துக்கே தெரியாவிட்டால் பதில் "கண்டுபிடிக்க முடியவில்லை" என்றுதான் வரும். ஒழுங்காகப் பட்டியலிட்டுக் காப்பகத்தில் வைத்தால்தான் கேட்கும் உரிமைக்கு அர்த்தம்.

2021 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் மத்திய அரசு அலுவலகங்களில் சிறப்புத் தூய்மை இயக்கம் நடக்கிறது. பழைய கோப்புகளைக் கழித்து இடம் காலி செய்வது அதில் ஒரு பகுதி. தேவையில்லாததைக் கழிக்கத்தான் வேண்டும். எல்லாவற்றையும் வைத்திருக்க எந்த நாட்டாலும் முடியாது. எது தேவையில்லாதது என்று தீர்மானிப்பவருக்கு ஆவணம் பற்றிய பயிற்சி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஆர்க்கிவிஸ்ட் எதைச் செய்யக் கூடாது?

சர்வதேச ஆவணக் காப்பக கவுன்சில் 1996-இல் பெய்ஜிங்கில் ஏற்றுக்கொண்ட நெறிமுறை ஒன்று உண்டு. வருபவர் யாராக இருந்தாலும் பாரபட்சமில்லாமல் உதவ வேண்டும். ஆவணத்தில் உள்ளவர்களின் அந்தரங்கத்தை மதிக்க வேண்டும். ஆதாரத்தைத் திரிக்கவோ மறைக்கவோ வரும் அழுத்தத்துக்கு வளையக் கூடாது. பதவியால் கிடைக்கும் சலுகையைச் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

நடைமுறையில் இதன் அர்த்தம்: ஆளும் கட்சியை ஆதரிக்கும் எழுத்தாளருக்கும் எதிர்க்கும் எழுத்தாளருக்கும் ஒரே கோப்பு, ஒரே வேகத்தில் போக வேண்டும். கோப்பில் உள்ளது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை இல்லை. இருப்பதை முழுசாகக் காட்டுவதுதான் வேலை. அதே நேரம், ரகசியம் என்று குறிக்கப்பட்டதைத் தன் விருப்பப்படி திறந்துவிடவும் அவருக்கு அதிகாரம் இல்லை.

இந்த வேலைக்கு எப்படிப் போவது?

தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்க்கிவிஸ்ட் பதவிக்கு மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம், அதாவது யு.பி.எஸ்.சி., அவ்வப்போது அறிவிப்பு வெளியிடும். வரலாற்றில் முதுகலைப் பட்டம் பொதுவாகக் கேட்கப்படும் தகுதி. நவீன இந்திய வரலாறு படித்திருந்தால் கை கொடுக்கும். காப்பகமே நடத்தும் ஆவணவியல் பள்ளியில் ஓராண்டுப் பட்டயப் படிப்பும், ஆவண மேலாண்மை, பாதுகாப்பு போன்றவற்றில் குறுகிய காலப் பயிற்சிகளும் உண்டு.

வரலாற்றுப் பட்டத்தோடு பாரசீகம், உருது போன்ற மொழி தெரிந்தவர்களுக்கும், டேட்டாபேஸ், மெட்டாடேட்டா தெரிந்தவர்களுக்கும் தேவை இருக்கிறது. அமைச்சகங்கள் இ-ஆபீஸுக்கு மாறிவிட்டன. 30 ஆண்டு கழித்து ஆய்வு அறைக்கு வருபவர் கேட்கப்போவது இந்த டிஜிட்டல் கோப்புகளைத்தான்.

ஒரு தடவை போய்ப் பார்க்கணும்னா?

• முதலில் அபிலேக் படலில் தேடுங்கள். பழைய எழுத்துக்கூட்டலில் தேட மறக்காதீர்கள்.

• கிடைத்த கோப்பின் துறை, பிரிவு, ஆண்டு, எண் ஆகிய நான்கையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று விட்டாலும் கோப்பு வராது.

• அடையாள அட்டையோடு, படிக்கும் அல்லது வேலை செய்யும் நிறுவனத்தின் கடிதமும் இருந்தால் நல்லது. வெளிநாட்டுக் குடிமக்கள் தங்கள் தூதரகத்தின் கடிதம் கொண்டுவர வேண்டும்.

• பேனா வேண்டாம், பென்சில் போதும். மை சிந்தினால் அந்தப் பக்கம் போனதுதான்.

• ஆர்க்கிவிஸ்ட்டிடம் கோப்பு எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். எதைத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். நீங்கள் கேட்காத இன்னொரு துறையின் பெயரை அவர் சொல்லக்கூடும்.

• 'என்.டி.' என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். சீட்டைத் தேதியோடு படமெடுத்து வைத்துக்கொண்டு, சம்பந்தப்பட்ட அமைச்சகத்துக்கு அதே எண்ணைக் குறிப்பிட்டு ஆர்.டி.ஐ. போடுங்கள்.

மாநில அரசின் ஆவணங்களுக்கு மத்திய சட்டம் பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். மகாராஷ்டிரா 2005-இலும் கர்நாடகா 2010-இலும் தங்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றின. நில வருவாய், மாவட்ட நிர்வாகம், மாகாண அரசின் உத்தரவு போன்றவற்றுக்குத் தமிழ்நாட்டில் போக வேண்டிய இடம் எழும்பூர். அந்தக் கட்டடம் 1909-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

சரி, இதில் நமக்கு என்ன?

மண்டல் குழு அறிக்கை, பொருளாதாரத் தாராளமயமாக்கல், போபால் விஷவாயு விபத்து. இந்த முடிவுகளை யார் எடுத்தார், யார் எச்சரித்தார், யார் கேட்கவில்லை என்பதற்கான மத்திய அரசுக் கோப்புகள் எல்லாம் 30 ஆண்டு வரம்பைக் கடந்துவிட்டவை. சட்டப்படி பார்த்தால், ரகசியம் என்று குறிக்கப்படாதவை ஆய்வு அறைக்கு வர வேண்டிய வயதில் இருக்கின்றன. அவை வந்து சேர்ந்தால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எடுத்துக் கொடுப்பார். வராவிட்டால் சீட்டில் இரண்டு எழுத்து எழுதித் திருப்பித் தருவார்.